நுரைக்காத மருந்து

ரொட்டிக்கடையிலிருந்து மருத்துவமனைக்குப் பதினான்கு கிலோமீட்டர். அப்பதினான்கு கிலோமீட்டரில், அவசரத்துக்கு வருவோரைத் தடுக்காத கழிப்பறைகள் ஏழு. அவற்றுள் எது எந்நேரம் திறந்திருக்கும், எதற்குத் தாழ்ப்பாள் இல்லை, எதில் குழாய் இருந்தும் தண்ணீர் இல்லை என்பவற்றை நான் நன்கறிவேன். வாடகைக் கார் ஓட்டுபவனுக்கு வழி தெரிந்திருப்பது பெருமை என்றே அதுவரை எண்ணியிருந்தேன். வழியில் எங்கே நிறுத்தலாம் என்று தெரிந்திருப்பது அதனினும் பெருமை என்பதை அந்த ஐந்து வாரங்களில் உணர்ந்தேன்.

என் காரில் நாள்தோறும் சென்ற பெண்மணியைத் தெருவார் ‘மாஸ்டர்’ என்றே அழைப்பர். வயது ஐம்பத்திரண்டு. கடையின் முன்னறையில் விற்பனை, நடு அறையில் மாவு பிசையும் நீண்ட மரப்பலகை, பின்னறையில் செங்கல் அடுப்பு, மாடியில் குடியிருப்பு. முப்பது ஆண்டுகளாக அந்தப் பலகையின் முன் நின்றவர் அவர். தவிடு நீக்காத மாவில், எள்ளும் விதைகளும் சேர்த்து, தட்டினால் கதவைத் தட்டியது போல ஓசை எழும் கரிய ரொட்டியைச் சுடுவார். வெள்ளை ரொட்டியை அவர் ரொட்டி என்றே ஒப்புக்கொள்வதில்லை. யாரேனும் வந்து கேட்டுவிட்டால், “பஞ்சு வேணும்னா தலையணை கடைக்குப் போங்க” என்று உள்ளிருந்தே குரல் வரும்.

கடையின் முன்னே நிற்பவர் அவருடைய கணவர். எதைச் சொன்னாலும் “சரி” என்பதால் அவருக்குச் ‘சரி அண்ணன்’ என்று பெயர். அவருடைய தங்கை, அதாவது மாஸ்டரின் நாத்தனார், அதே வீட்டில் இருக்கிறார். அவருக்கு ‘ரேடியோ’ என்று பெயர். காரணம் கூற வேண்டியதில்லை.

இக்குடும்பத்தில் நான்காவது உறுப்பினரும் உண்டு. அது அடுப்புக்கு அருகே ஒரு பீங்கான் ஜாடியில் வசித்தது. முந்தைய நாள் மாவிலிருந்து ஒரு பிடி எடுத்து வைத்து, நாள்தோறும் புது மாவும் நீரும் ஊட்டி வளர்க்கும் புளித்த மாவு அது. அதைக் கலந்தால்தான் மறுநாள் ரொட்டி எழும்பும். நேரத்துக்குச் சாப்பாடு போடாவிட்டால் புளிக்கும், பொங்கும், மூடியைத் தள்ளும் என்பதால் அதற்கு ‘மாமியார்’ என்று பெயர் வைத்திருந்தனர்.

மாஸ்டருக்குக் கர்ப்பப்பையின் வாயில் கட்டி கண்டிருந்தது. இருபத்தைந்து நாட்கள் கதிர்வீச்சு. கதிர்வீச்சு என்று நான் எழுதுகிறேன்; அவ்வீட்டில் அதற்குப் பெயர் கரண்டு வைப்பது. முதல் இரு வாரங்கள் ஒரு குறையுமில்லை. அதிகாலையில் ரொட்டி சுட்டுவிட்டுப் புருவத்தில் மாவுடன் காரில் ஏறுவார். மூன்றாம் வாரத்தில் வயிறு போகத் தொடங்கியது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. கரண்டு வைக்கும்போது சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டுமாம். ஆகவே காரில் ஏறியதும் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்தாக வேண்டும்.

“முன்னால ரொப்பணுமாம், பின்னால அடக்கணுமாம்” என்றார் மாஸ்டர், இருக்கையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு. “ஆண்டவன் இந்த ரெண்டு குழாயையும் பக்கத்துப் பக்கத்துல வச்சிருக்கவே கூடாது.”

“பேசாதீங்க அண்ணி, பேசினா அழுத்தும்” என்றார் ரேடியோ.

“இதை யாரு சொல்றாங்க பாருங்க தம்பி!”

“எட்டாவது கிலோமீட்டர் தாங்குமாக்கா? அங்க பெட்ரோல் பங்க் இருக்கு” என்றேன்.

“தாங்காது. சோபா கடையில நிறுத்துங்க.”

சோபா கடை என்பது ஆறாவது கிலோமீட்டரில் உள்ள பெரிய மரச்சாமான் கடை. வாசலில் நீலச் சட்டையுடன் ஒரு காவலர் இருப்பார். முதல் நாள் அவர், “என்ன பாக்கணும்மா?” என்று வினவினார். “பாக்கறதுக்கு நேரமில்லப்பா!” என்று கூறியபடியே மாஸ்டர் சோபாக்களுக்கும் கட்டில்களுக்கும் இடையே ஓடினார். இரண்டாம் நாள் காவலர் வினவவில்லை. மூன்றாம் நாள், எங்கள் கார் திரும்புவதைக் கண்டதுமே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

பதின்மூன்றாம் கரண்டு ஒரு புதன்கிழமை முடிந்தது. அன்று டாக்டர் எடை பார்த்தார். ஐம்பத்து நான்கு கிலோ. தொடங்கியபோது இருந்ததைவிட நான்கு கிலோ குறைவு. ரேடியோ என்னையும் அறைக்குள் அழைத்துச் சென்றிருந்தார். “மூணு பேர் கேட்டா ஒருத்தருக்காவது ஞாபகம் இருக்கும்” என்பது அவர் கொள்கை.

டாக்டர் இளம் பெண், நிதானமாகப் பேசினார். “அம்மா, அடுத்த புதன்கிழமை திரும்ப எடை பாப்பேன். இதுக்கு மேல குறைஞ்சாலோ, போக்கு இப்படியே இருந்தாலோ, கரண்டைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும்.”

“அப்பாடா, ஒரு வாரம் லீவா!” என்றார் மாஸ்டர்.

“லீவு உங்களுக்கு இல்லம்மா, கட்டிக்கு. நடுவுல விட்டா அது தெம்பாயிடும். விடவே கூடாதுன்னுதான் நான் பாக்கறேன்.”

ரேடியோவும் பேசவில்லை என்பதைக் கொண்டு அச்சொற்களின் கனத்தை அளவிடலாம்.

டாக்டர் மூன்று கட்டளைகளை இட்டார். ஒன்று, போக்கை நிறுத்தும் மாத்திரை. இரண்டு, தவிடு, விதை, பால் ஆகியவற்றை விலக்க வேண்டும். வெள்ளை ரொட்டி, குழைந்த சோறு, வேகவைத்த உருளைக்கிழங்கு போன்றவற்றையே உண்ண வேண்டும். மூன்று, ஒரு சிறு பாட்டிலில் கேப்சூல்கள்.

“இதுல நல்ல கிருமி இருக்கு. உயிரோட இருக்கற கிருமி. கரண்டுல உங்க குடல்ல இருக்கற நல்லது எல்லாம் அடி வாங்கியிருக்கும். இது போய் கொஞ்சம் ஈடு கட்டும். எல்லாருக்கும் தரமாட்டோம்; உங்க ரத்தத்துல வெள்ளை அணு நல்லா இருக்கறதால தரேன். எல்லாருக்கும் கேக்கும்னும் சொல்ல மாட்டேன். நிறைய பேருக்குப் போக்கு குறையுது.”

“உயிரோடயா?” என்றார் மாஸ்டர், பாட்டிலைக் காதருகே ஆட்டி. “இத்தனூண்டு டப்பியிலயா?”

பிழை அந்த வினாவிலேயே தொடங்கிவிட்டது. ஆனால் எங்களுள் எவரும் அதனை அறியவில்லை.

ரொட்டிக்கடையில் ஒரு வழக்கம் உண்டு. கடையில் வாங்கிய ஈஸ்ட் உயிருடன் உள்ளதா என்று பாராமல் மாவில் சேர்க்கமாட்டார்கள். வெதுவெதுப்பான நீரில் சிறிது சர்க்கரை கரைத்து, ஈஸ்ட்டைத் தூவிப் பத்து நிமிடம் வைப்பார்கள். நுரைத்தால் உயிர், நுரைக்காவிட்டால் குப்பை. அன்று பிற்பகல் நான் பையைக் கொடுக்க உள்ளே சென்றபோது, மரப்பலகையின் மேல் ஆறு கண்ணாடி டம்ளர்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு கேப்சூலைப் பிரித்துக் கொட்டியிருந்தனர். மூவரும் தேர்வு முடிவை எதிர்நோக்கும் பெற்றோரைப் போல அவற்றைச் சுற்றி நின்றனர்.

“எவ்வளவு நேரம் ஆச்சு?” என்றார் மாஸ்டர்.

“இருபது நிமிஷம்” என்றார் சரி அண்ணன்.

“ஒரு குமிழி வந்துதா?”

“மூணாவது டம்ளர்ல ஒண்ணு வந்துது அண்ணி. ஆனா அது நான் தும்மினப்போ வந்துது.”

“செத்துப்போச்சு. ஆறும் செத்துப்போச்சு. அந்தப் பொண்ணு பாவம், அதுக்கே தெரியாது. யாரோ அதை ஏமாத்தி வித்திருக்கான்.” மாஸ்டர் டம்ளர்களைத் தொட்டியில் கவிழ்த்தார். “செத்த ஈஸ்ட்டைப் போட்டு எந்த மாவு எழும்பியிருக்கு? செத்த கிருமியை முழுங்கி எந்த வயிறு நிக்கும்?”

“சரி” என்றார் கணவர்.

“டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமேக்கா?” என்றேன் நான்.

“கேக்கலாம், கேக்கலாம். அந்தப் பொண்ணு முகம் வாடிப்போகும். நமக்கு எதுக்கு?” என்று பேச்சை முடித்தார்.

வியாழனன்று மூன்று நிறுத்தங்கள். வெள்ளியன்று ஐந்து. நூலகத்தின் கழிப்பறை, பூக்கடையின் பின்புறம் உட்பட அதுவரை தேவைப்படாத இடங்களையும் பயன்படுத்தினோம். ஐந்தாவது நிறுத்தத்தில் மாஸ்டர் காருக்குத் திரும்பி வர நேரமானது. வந்தவர் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். எப்போதும் மாவு படிந்திருக்கும் புருவம் அன்று வியர்வையில் நனைந்திருந்தது.

“வண்டியைத் திருப்புங்க தம்பி” என்றார். “வீட்டுக்குப் போலாம். என்னால முடியல. கரண்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். பதினாலோட போதும்.”

அன்று சரி அண்ணனும் உடன் வந்திருந்தார். நான் கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். அவர் என்ன கூறுவார் என்பது தெருவில் ஒரு குழந்தைக்கும் தெரியும்.

“கூடாது” என்றார் அவர்.

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். ரேடியோ திரும்பிப் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன்.

“என்ன சொன்னீங்க?”

“கூடாதுன்னேன். ஏறி உக்காரு. இன்னும் மூணு கிலோமீட்டர்தான். நடுவுல இடம் வேணும்னா தம்பி நிறுத்துவாரு. நான் நிறுத்தமாட்டேன்.” சொல்லி முடித்ததும், முப்பதாண்டுச் சேமிப்பை ஒரே மூச்சில் செலவழித்துவிட்டவர் போலக் காணப்பட்டார்.

மாஸ்டர் ஏறி அமர்ந்தார். சிறிது தூரம் சென்றபின் ரேடியோவுக்கு அழுகை வந்தது.

“அண்ணா, நான் ஒண்ணு சொல்லிடறேன். அண்ணி என்னைத் திட்டக்கூடாது. அண்ணி மாமியாரைச் சாப்பிடறாங்க.”

“என்னது?”

“நேத்துலேருந்து. காலைல ரெண்டு கரண்டி, சாயங்காலம் ரெண்டு கரண்டி. பச்சையா.”

“உயிரோட இருக்கற கிருமிதானே வேணும்னாங்க?” என்றார் மாஸ்டர் சினத்துடன். “அந்த டப்பியில இருந்ததெல்லாம் பொணம். நம்ம ஜாடியில பாருங்க, குதிக்குது! முப்பது வருஷமா சாகாத கிருமி. அதைவிட நல்ல கிருமி எங்க கிடைக்கும்?”

“அதான் உள்ள போயும் குதிக்குது” என்றார் கணவர். பின்பு அவருக்கே அடக்க முடியவில்லை. “கல்யாணம் ஆன நாள்லேருந்து எங்கம்மாவோட உனக்கு ஒத்துவரல. கடைசியில ஒரு மாமியாரை முழுங்கியே தீத்துட்டே!”

காரில் முதலில் சிரித்தவர் மாஸ்டர்தான். “சிரிக்க வைக்காதீங்க, சிரிக்க வைக்காதீங்க, தம்பி வேகமாப் போங்க!” என்று அவர் கூவ, நான் மருத்துவமனை வாயிலை அடைந்த வேகம் என் தொழில் வாழ்வில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அன்று கரண்டு முடிந்தபின் உணவு ஆலோசகரிடம் அனைத்தையும் கூறினோம். நடுத்தர வயதுப் பெண்மணி. அவர் ஆறு டம்ளர்களின் கதையைக் கேட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். மாமியாரின் கதையைக் கேட்டுக் கண்ணாடியையும் கழற்றினார்.

“பச்சை மாவு, அதுவும் தவிட்டோட! வயித்துல கலவரமே நடந்திருக்குமே. இனிமே அதைத் தொடாதீங்க. இப்ப இருக்கற நிலையில பச்சை மாவு ஆபத்தும்கூட.” பின்பு பாட்டிலைக் காட்டினார். “மாஸ்டரம்மா, நுரைக்கறது ஈஸ்ட்டோட குணம். இது அந்த ஜாதி இல்ல. இது நுரைக்காது, புளிக்க வைக்கும். சத்தம் போடாம வேலை செய்யும்.”

“சத்தம் போடாம இருக்கறது எல்லாம் செத்ததுன்னா, எங்க அண்ணன் எப்பவோ போயிருக்கணும்” என்றார் ரேடியோ.

மாஸ்டர் சிரிக்கவில்லை. அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். மாவில் கைவைத்தவரின் பார்வை அது.

“இருங்க” என்றார் மெல்ல. “குளிர் நாள்ல எங்க ஜாடி எழும்பாது. ஆனா புளிச்சிருக்கும். மோந்து பாத்தா மூக்குல ஏறும், குமிழி ஒண்ணுகூட இருக்காது. எழுப்பறது ஒண்ணு, புளிக்க வைக்கறது ஒண்ணுன்னு எனக்குத் தெரியும். முப்பது வருஷமாத் தெரியும். இங்க வந்து மறந்துட்டேனே!”

“அதேதான்” என்றார் ஆலோசகர்.

“அப்ப நான் வச்ச பரிச்சைதான் தப்பு.”

“பரிச்சை தப்பு. மருந்து பாஸ்.”

“அதை நான் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்” என்றார் மாஸ்டர்.

சனிக்கிழமை கரண்டு இல்லை. ஆயினும் காலையிலேயே நான் கடைக்குச் சென்றேன். முடிவை அறியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காய்ச்சி ஆறவைத்த பாலை ஒரு டம்ளரில் ஊற்றி, கேப்சூல் ஒன்றைப் பிரித்துக் கலந்து, அடுப்பின் இளஞ்சூடு படும் இடத்தில் வைத்திருந்தனர். அருகே ஒன்றும் கலவாத பால் இன்னொரு டம்ளரில் இருந்தது. “எதுக்கும் ஒரு சாட்சி வேணும்ல?” என்றார் மாஸ்டர்.

அது உறையும்வரை காத்திருக்க வேண்டும். அவ்விடைவெளியில் வெள்ளை ரொட்டி செய்யும் பணி நடந்தது. அதைத் தம் கையால் செய்ய மாஸ்டர் மறுத்துவிட்டார். “சாப்பிடறேன். உயிர் போகுதுன்னா சாப்பிடறேன். ஆனா என் கையால பஞ்சு பிசைய மாட்டேன்.” ஆகவே, முப்பதாண்டுகள் ரொட்டி விற்றும் ஒருநாளும் மாவைத் தொட்டிராத சரி அண்ணன் பலகையின் முன் நின்றார். மாஸ்டர் மாவு மூட்டையின் மேல் அமர்ந்து கட்டளையிட்டார்.

“அமுக்குங்க. தடவிக்குடுக்காதீங்க, அது பூனையில்ல.”

“சரி.”

“மடிச்சு அமுக்கணும். உள்ளங்கையால. ஐயோ, கையில ஒட்டினதை வேட்டியில தொடைக்காதீங்க!”

“சரி.”

“விரலால குத்திப் பாருங்க. குழி மெதுவா மேல வருதா?”

“வரல.”

“அப்ப அது இன்னும் தூங்குது. எழுப்புங்க.”

நண்பகலில் அடுப்பிலிருந்து வெளிவந்த ரொட்டி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மறுபக்கம் வெடித்திருந்தது. சரி அண்ணன் அதைத் தட்டில் வைத்த விதம், தலைப்பிள்ளையைக் கொண்டுவந்து காட்டியது போல இருந்தது. மாஸ்டர் ஒரு துண்டைக் கிள்ளி வாயிலிட்டார். நாங்கள் மூவரும் அவர் தாடையையே நோக்கினோம்.

“உப்பு குறைவு” என்றார். இன்னொரு துண்டைக் கிள்ளினார். “தொண்டையில இறங்கறது தெரியவே இல்ல.” மூன்றாவது துண்டை எடுத்தபோது ஒன்றும் கூறவில்லை. அரை ரொட்டி தீர்ந்தது. கடைக்குள் யாரோ நுழையும் ஓசை கேட்டதும் மீதியைத் துணியால் மூடி, “வெளியில யாருக்கும் சொல்லாதீங்க” என்றார்.

மாலையில் டம்ளரைச் சாய்த்துப் பார்த்தார். சாட்சிப் பால் சாதாரணமாகச் சாய்ந்தது. மருந்து கலந்த பால் சாயவில்லை. டம்ளரோடு ஒட்டி, இலேசாக ஆடிய பின் நின்றது. மாஸ்டர் மோந்து பார்த்தார். கண்கள் விரிந்தன.

“உயிரோட இருக்கு!” என்றார். “ஏண்டி, மோந்து பாருடி! சின்னதா, சுத்தமா ஒரு புளிப்பு. நல்ல வளர்ப்பு இது. நான் தொட்டியில கொட்டின ஆறும் உயிரோட இருந்திருக்கே. பாவம்!”

அன்று மாலை அவர் முதல் கேப்சூலை விழுங்கினார். விழுங்குமுன் அதைப் பார்த்து, “மன்னிச்சுக்க” என்றார்.

திங்களன்று இரண்டு நிறுத்தங்கள். செவ்வாயன்று ஒன்று. மருந்து செய்ததா, பஞ்சு செய்ததா, மாத்திரை செய்ததா, மாமியார் உள்ளே போவது நின்றதுதான் செய்ததா என்று நான் கூறவியலாது. டாக்டரும் எல்லாம் சேர்ந்துதான் என்றே பின்னர் கூறினார்.

புதன்கிழமை காலை கார் ஆறாவது கிலோமீட்டரை நெருங்கியது. சோபா கடைக் காவலர் கதவைத் திறந்து பிடித்தவாறு தயாராக நின்றார்.

“நிறுத்தணுமாக்கா?”

மாஸ்டர் சிறிது யோசித்தார்; தம் வயிற்றைக் கேட்பவர் போலத் தலையைச் சாய்த்தார். “போங்க” என்றார். காவலர் திறந்த கதவோடு எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றது கண்ணாடியில் தெரிந்தது. அன்று நாங்கள் ஓரிடத்திலும் நிற்கவில்லை.

அடுத்தது எடைக்கருவி. மாஸ்டர் ஏறி நின்றார். எண் ஐம்பத்தைந்தைத் தாண்டி நின்றது. டாக்டர், “பரவாயில்லையே!” என்று மகிழ்ந்தார். ஆனால் மாஸ்டரின் முகம் மகிழவில்லை. அரைப்பிடி மாவைக் கையிலெடுத்தே எடை கூறுபவர் அவர். காலை முதல் சட்டை கனத்ததை உடல் சோர்வு என்றே எண்ணியிருந்தவர், தம் சட்டைப் பையினுள் கைவிட்டார். வலப்புறத்திலிருந்து ஒன்று, இடப்புறத்திலிருந்து ஒன்று, ஆக இரண்டு அரைக்கிலோ எடைக்கற்கள் வெளிவந்தன. கடைத் தராசின் கற்கள்.

அறையிலிருந்த அனைவரும் ரேடியோவை நோக்கினர்.

“காலைல நான்தான் சட்டையை எடுத்துக் குடுத்தேன்” என்றார் ரேடியோ. “கரண்டை நிறுத்திடுவாங்களோன்னு பயந்து… அண்ணி, ஒரு கிலோதானே…”

“முப்பது வருஷம் ஒரு ரொட்டியில ஒரு கிராம் குறைச்சதில்ல நான்” என்றார் மாஸ்டர். “என் எடையிலயா கலப்படம் பண்ணுவே?” கற்களை டாக்டரின் மேசைமேல் வைத்தார். “இப்ப பாருங்கம்மா. என்ன வருதோ அதைச் சொல்லுங்க. நிறுத்தணும்னா நிறுத்துங்க. ஆனா சரியா நிறுத்துப் பாத்துட்டு நிறுத்துங்க.”

மீண்டும் ஏறினார். ரேடியோ கண்களை மூடிக்கொண்டார். சரி அண்ணனின் உதடுகள் ஓசையின்றி அசைந்தன.

“ஐம்பத்து நாலு கிலோ நூறு கிராம்” என்றார் டாக்டர். “குறையல. நூறு கிராம் கூடியிருக்கு.”

“நூறு கிராம்னா?” என்றார் ரேடியோ, ஒரு கண்ணைத் திறந்து.

“ஒரு சின்ன பன்னு” என்றார் மாஸ்டர்.

“போக்கு?”

“இன்னிக்கு வழியில எங்கயும் நிக்கல” என்று நான் முந்திக்கொண்டு கூறினேன். நான் கூற வேண்டிய செய்தி அது என்று எனக்குத் தோன்றியது.

“அப்ப நடுவுல விட வேண்டாம்” என்றார் டாக்டர். “மிச்சம் எட்டையும் முடிச்சிடலாம்.”

“சரி” என்றார் சரி அண்ணன். அச்சொல்லை அவ்வளவு மகிழ்ச்சியுடன் அவர் உச்சரித்து நான் கேட்டதில்லை.

திரும்பும் வழியில் ஆறாவது கிலோமீட்டர் வந்தபோது, “நிறுத்துங்க தம்பி” என்றார் மாஸ்டர். நான் அஞ்சி, வண்டியைச் சட்டென ஒடித்து நிறுத்தினேன். காவலர் ஓடிவந்து கதவை விரியத் திறந்தார். மாஸ்டர் ஓடவில்லை. ஒரு பையைக் கையிலெடுத்துக்கொண்டு நிதானமாக இறங்கி நடந்தார். பையிலிருந்து கரிய தவிட்டு ரொட்டி ஒன்றை எடுத்துக் காவலரின் கையில் வைத்தார்.

“வயிறு நல்லா இருக்கறவங்க சாப்பிடற ரொட்டி” என்றார். “எனக்கு இன்னும் ரெண்டு மாசம் கிடையாது. எனக்கும் சேத்து நீங்க சாப்பிடுங்க.”

“உள்ள போகலையாம்மா?” என்றார் காவலர், பழக்கத்தை விடமுடியாமல்.

“போகணும். ஒரு வேலை இருக்கு.”

உள்ளே வரிசையாகச் சோபாக்கள் இருந்தன. ஓட்டத்தில் மட்டுமே அவர் கண்டிருந்தவை. பழுப்பு நிறத்தில், தடித்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து அமர்ந்தார். சாய்ந்தார். கால்களை நீட்டினார். நாங்கள் மூவரும் காவலரும் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

“பஞ்சு” என்றார் மாஸ்டர், கண்களை மூடியவாறு. பின்பு பெருவிரலால் இருக்கையை ஆழமாக ஒருமுறை அழுத்தி, விரலை எடுத்துவிட்டு, அந்தக் குழியையே உற்று நோக்கினார். அது மெல்ல மெல்ல மேலே வந்தது.

“நல்லா எழும்புது” என்றார்.